ஆமை தூக்கினவன்

கூனந்தாழையில் ஒருவனை நாலு பேர் முன்னால் கேவலப்படுத்த வேண்டுமென்றால் அவன் அம்மாவையோ அப்பனையோ இழுக்கத் தேவையில்லை. 'ஆமை தூக்கினவன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடிதடி நிச்சயம்.

இந்த ஆமை கடலில் முட்டையிடுகிற ஆமை இல்லை. அண்டா பருமனில் கறுப்பு நிற இயந்திரம். கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தூரம் வரை, கடலடி மணலில் நாற்பது ஆமைகள் புதைந்து கிடந்தன. அவை வருவதற்கு முந்தைய வருடம் ஊருக்கே கெட்ட வருடம். அலைச்சறுக்கு விளையாட வந்த இரண்டு பேரைச் சுறா கடித்தது. ஒருவனுக்குக் கால் போயிற்று, ஒருத்திக்கு உயிரே போயிற்று. போதாக்குறைக்கு, குளிக்க இறங்கிய பதினொரு பேர் முங்கிச் செத்தார்கள். கடற்கரை காலியானது. பலகை வாடகைக்கு விட்டவர்கள், சறுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், சோறு பொங்கிப் போட்டவர்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போதுதான் ஒரு கம்பெனி ஆமைகளைக் கொண்டுவந்து இறக்கியது.

சுறா நெருங்கினால் ஆமை தண்ணீருக்குள் ஒரு அதிர்வை அனுப்பும், சுறா திரும்பிப் போய்விடும். மனிதன் முங்கினால் ஆமை எழும்பி, இரண்டு ரப்பர் கைகளால் அவனை அணைத்து, தலை மேலே இருக்கும்படி தூக்கிக் கரையில் கொண்டுவந்து போடும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். கண்ணால் பார்த்து அல்ல, தண்ணீர் வழியாக நெஞ்சுத் துடிப்பைக் கேட்டே அது ஆளை அறிந்தது. எட்டு வருடமாக ஒரு வெளியூர்க்காரர்கூடச் சாகவில்லை. இதை ஊரே மெச்சிக்கொண்டது. சிக்கல் எல்லாம் உள்ளூர்க்காரர்களால்தான்.

ஆமை வந்த முதல் மாதமே லீனுஸுக்கு அது நடந்தது. கட்டுமரத்தின் நங்கூரக் கயிறு பாறையில் சிக்கிக்கொள்ள, அதை எடுக்க முங்கியிருக்கிறான். ஆமை அவனைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, வெளியூர்ப் பெண்கள் படமெடுத்துக்கொண்டிருந்த இடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டது. பேசி முடித்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். "கடல்ல முங்கத் தெரியாதவனுக்கு எப்படிய்யா பொண்ணு குடுக்க?" என்று மாமனாராக வேண்டியவர் கேட்டது மணப்பாடு வரை பரவியது. அன்றைக்கு லீனுஸின் மானம் கப்பலேறியது. இன்னும் அவன் தனிக்கட்டைதான்.

கரையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர் எஸ்தாக்கி. முன்பு விசில் ஊதிக்கொண்டு கரைக்காவல் பார்த்தவர். ஊரில் யார் எப்படி நீந்துவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பதால் கம்பெனி அவரையே வைத்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் விஷயத்தில் ஆமை தானே முடிவெடுக்கும். சந்தேகம் வந்தால் மட்டும் கூண்டைக் கேட்கும். திரையில் ஆளின் படம் வரும். கீழே இரண்டு பொத்தான்கள். பச்சை, தூக்கு. சிவப்பு, விடு. பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் தூக்கிவிடும், லீனுஸைத் தூக்கியது அப்படித்தான்.

லீனுஸுக்குப் பிறகு ஊர் ஆம்பிளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டுக்கு வந்தார்கள்.

"எண்ணே, நான் கணவாய் மீன் பாக்கத்தான் முங்குவேன். அந்தச் சனியனைக் கிட்ட வர விடாதீங்க."

"மாமா, எம் பொண்டாட்டி கரையில நிக்கா. அவ முன்னால என்னைத் தூக்கிச்சுன்னு வைங்க, நா நாண்டுக்கிட்டுச் சாவேன்."

எஸ்தாக்கியும் அதே ரத்தம்தானே. கடலில் பிறந்து வளர்ந்தவனை ஒரு அண்டா வந்து காப்பாற்றுவதா என்று அவருக்கும் ரோஷம் இருந்தது. திரையில் ஊர்முகம் தெரிந்தால் விரல் தானாகவே சிவப்புக்குப் போகும். இது சூசை மகன், மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பான், விடு. இது ரெமி, மூச்சு ரெண்டு நிமிஷம் பிடிப்பான், விடு. ஒரு வாரத்தில் இருபது தடவைகூட அழுத்தியிருக்கிறார்.

அவர் மனைவி தெக்லா ஒருநாள் சோறு கொண்டுவந்தபோது இதைப் பார்த்தாள். சின்ன வயதில் அப்பனோடு முங்கிச் சிப்பி அள்ளியவள். கடலைப் பற்றி வீண் பெருமை பேசாதவள்.

"நம்மாளு அத்தனை பேருக்கும் விடு விடுன்னு அடிக்கீங்களே. ஒருத்தனாவது நெசமா முங்க மாட்டானா?"

"நம்ம ஊர்லயா?" என்று எஸ்தாக்கி சிரித்தார். "கிறுக்கி."

"என் அப்பன் எங்க செத்தாரு, மலையிலயா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். மீன் குழம்பு நன்றாக இருந்ததால் பேச்சு அத்தோடு போயிற்று.

காலப்போக்கில் ஆமைகள் கேட்பது குறைந்தது. வாரத்துக்கு இருபது பத்தானது, பத்து இரண்டானது. பிறகு ஊர்க்காரர்களைப் பற்றிய கேள்வியே வரவில்லை. மிஷினுக்கே நம்ம ஊரைப் பற்றிப் புரிந்துவிட்டது என்று எஸ்தாக்கி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். மூன்று வருடம் கூண்டு அமைதியாக இருந்தது.

அவருக்கு ஒரே மகள், ஜெனோவா. இருபது வயது. அலைப்பலகையின்மேல் நின்றால் அவள் கால் தரையில் நிற்பதாகத்தான் தோன்றும். வெளியூர்க்காரர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "எப்பா, நீங்க கூண்டுக்குள்ள இருந்து என்னைப் பாக்காதீங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்று தினமும் கிண்டலடிப்பாள். அவரோ அவள் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

ஆனி மாதத்து ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன நேரம். சென்னையிலிருந்து வந்த அண்ணன் தங்கை இரண்டு பேரை ஜெனோவா கடலுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அலை கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. மூன்றாவது அலையில் அந்தத் தங்கைக்காரி தடுமாறி விழுந்தாள். அவள் காலில் கட்டியிருந்த பலகை அலையோடு எகிறி வந்து ஜெனோவாவின் நெற்றிப்பொட்டில் அடித்தது. சத்தமே இல்லை. ஜெனோவா அப்படியே உள்ளே போனாள்.

கூண்டிலிருந்து பார்த்தால் அங்கே வெறும் நுரைதான். ஆமை எழும்பியது எஸ்தாக்கிக்குத் தெரிந்தது. தங்கைக்காரியைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தது. அவள் இரண்டு வாய் உப்புத் தண்ணீர் குடித்திருந்தாள், அவ்வளவுதான். திரையில் 'ஒருவர் மீட்பு, பத்திரம்' என்று வந்தது. எஸ்தாக்கி மனதுக்குள் ஆமையைப் பாராட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். மகளைத் தேடினார். பாறைக்கு அந்தப் பக்கம் போயிருப்பாள் என்று நினைத்தார். கேள்வி எதுவும் வரவில்லையே.

அண்ணன்காரன் கத்தியபடி கரைக்கு வந்தபோது தேநீர் பாதிதான் குடித்திருந்தார்.

ஆட்கள் முங்கித் தேடி அவளை எடுக்க இருபது நிமிடம் ஆனது. மணலில் புதைந்திருந்த ஒரு ஆமையிலிருந்து மூன்று முழ தூரத்தில் கிடந்தாள்.

அடக்கம் முடிந்து பதினாறாம் நாள் கம்பெனியிலிருந்து தாரிணி என்ற பொறியாளர் வந்தாள். ஆமைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஜெனோவாவைவிட ஏழெட்டு வயதுதான் மூத்திருப்பாள். கூண்டுக்குள் எஸ்தாக்கிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா. எந்த ஆமை பழுது?"

"எதுவும் பழுதில்லைண்ணே."

"பழுதில்லாமத்தான் எம் பிள்ள செத்தாளா?"

தாரிணி திரையைத் தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தாள். "உங்க ஊர்க்காரங்க சின்னதுலேருந்தே கடல்ல கிடக்குறவங்க. தண்ணிக்குள்ள போனதும் உங்க நெஞ்சு மெதுவா அடிக்க ஆரம்பிச்சிடும். வெளியூர்க்காரங்களுக்குப் படபடன்னு அடிக்கும். மயங்கி முங்குறவங்களுக்கும் மெதுவாத்தான் அடிக்கும். அதனால ஆமைக்கு உங்க ஆளுங்ககிட்ட மட்டும் குழப்பம். முங்குறானா, மீன் பாக்குறானான்னு தெரியலை. அதான் உங்களைக் கேட்டுச்சு."

"நாந்தான் சொன்னேனே."

"சொன்னீங்க." அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "ஊர்க்காரங்க. விடு, ஆயிரத்து முந்நூத்து ஆறு. தூக்கு, பூஜ்யம்."

எஸ்தாக்கி அந்த வரியையே பார்த்தார்.

"அது கத்துக்கிட்டிருக்குண்ணே. மெதுவா அடிக்கிற நெஞ்சு, அசையாத உடம்பு, இப்படி இருந்தா விட்டுடணும்னு. நீங்க ஒரு தடவைகூட மாத்திச் சொல்லலை. அப்புறம் கேக்குறதையே நிறுத்திடுச்சு. பாப்பா மயங்கினப்போ நாப்பதாவது நொடியில அவளைப் பாத்திருக்கு. இதோ, எழுதியிருக்கு. 'ஊர்க்காரர். தொந்தரவு வேண்டாம்.'"

எஸ்தாக்கி தன் வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் பொத்திக்கொண்டார். வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"அந்த நாப்பதாவது நொடியில தூக்கியிருந்தா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "பிழைச்சிருப்பா," என்றாள். "நாலு நிமிஷம் வரைக்கும் நெஞ்சு அடிச்சிருக்கு."

"சரி. எங்க ஆளுக பேரை அந்தப் பட்டியல்லேர்ந்து எடுத்துரு."

"பட்டியல் இருந்தா இன்னைக்கே அழிச்சிருப்பேனே. இது பழக்கம். மறக்கடிச்சா மொத்தமும் மறந்துடும், சுறா எது திருக்கை எதுங்கிறதுகூட. கம்பெனி ஒத்துக்காது. அவங்களுக்கு வெளியூர்க்காரங்க ஒருத்தரும் சாகலை, மிஷின் நூத்துக்கு நூறு. உங்களுக்குன்னு வேற முடிவு பண்ணியிருக்காங்க." தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஊர்க்காரங்க இந்தப் பக்கம் கடல்ல இறங்கக்கூடாது. அடுத்த மாசத்திலேர்ந்து வேலி. படகு விட, தெக்கே மூணு கிலோமீட்டர் தள்ளி இடம் தருவாங்களாம்."

"எங்க கடல்ல நாங்க இறங்கக்கூடாது?"

"ஆமாண்ணே."

"மறுபடியும் கத்துக்குடுக்க வழி கிடையாதா?"

தாரிணி எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "உங்க ஆளுங்க முங்கணும். அது கேக்கணும். நீங்க தூக்குன்னு சொல்லணும். முப்பது நாப்பது பேர் வேணும். ஆனா நடிச்சா பலிக்காது. கை காலை நடிக்க வைக்கலாம், நெஞ்சை நடிக்க வைக்க முடியாது. நிஜமா மூச்சு போற இடம் வரைக்கும் போகணும்." அவள் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "கேக்குறதை மட்டும் ஒரு வாரத்துக்குத் திருப்பி வைக்க என்னால முடியும். நாப்பது நொடிக்கு ஒரு தடவை கேக்கும். ஆனா பதில் வரலைன்னா முன்ன மாதிரி தூக்காது. விட்டுடும். பொத்தான்ல இருக்குறவங்க கையிலதான் எல்லாம். அண்ணே, இதை நான் சொல்லலை."

"நீ எதுவுமே சொல்லலம்மா," என்றார் எஸ்தாக்கி.

வீட்டில் தெக்லா அவரிடம் பேசி பதினேழு நாளாகியிருந்தது. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். அன்று அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். ஆயிரத்து முந்நூற்று ஆறு என்பதையும் சொன்னார். மறைத்தால் சோறு இறங்காது என்று தோன்றியது. அவள் கருவாட்டுக் கூடையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாலு நிமிசமும் அது பக்கத்துலயே கெடந்துச்சா?"

"மூணு முழம்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிற சத்தம்கூட வரவில்லை.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் எஸ்தாக்கி கோயில் வாசலில் நின்று ஊரைக் கூட்டினார். வேலி விஷயத்தைச் சொன்னார். மிஷின் ஏன் இப்படியானது என்று சொன்னார். தன் விரல்தான் செய்தது என்றும் ஒளிக்காமல் சொன்னார். கூட்டம் இரைந்தது. அவரைத் திட்டியவர்கள் உண்டு. தங்கள் வாயால் கெஞ்சி அவரை 'விடு' அழுத்தவைத்ததை நினைத்துத் தலை கவிழ்ந்தவர்களும் உண்டு. திரும்பக் கற்றுக்கொடுக்கிற வழியைச் சொன்னபோதுதான் சுத்தமாகச் சத்தம் அடங்கியது.

"அதாவது," என்றார் கோயில் உபதேசியார் ஞானப்பு, "நாம ஒவ்வொருத்தனும் வேணும்னே முங்கி, அத்தனை பேரும் பாக்க ஆமைகிட்ட தூக்கு வாங்கணும்."

"ஆமா."

"அதுக்கு மூணு கிலோமீட்டர் நடந்துரலாம்லா?" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

"நடங்கலே!" லீனுஸ் எழுந்து நின்றான். அவன் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. "எட்டு வருசமா என்னைச் சிரிச்சீங்க. சிரிப்புக்குப் பயந்துதானே எல்லாரும் அண்ணன்கிட்டப் போய் நின்னீங்க? அந்தப் பிள்ள அதுக்குத்தாம்ல செத்துச்சு. இப்பவும் சிரிப்புக்குப் பயந்தே ஊரை விட்டு நடங்க."

யாரும் நடக்கவில்லை. யாரும் முன்வரவுமில்லை.

"முதல்ல நான் எறங்குதேன்," என்றார் எஸ்தாக்கி. "பொத்தான்ல யாராவது உக்காரணும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து தெக்லா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் இருக்கேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே கரையில் நின்றது. எஸ்தாக்கி இடுப்பில் நங்கூரக் கல்லைக் கட்டிக்கொண்டார். நாலு ஆளைச் சேர்த்துத் தூக்குகிற பலம் ஆமைக்கு உண்டு, கல் அதற்குப் பொருட்டில்லை. இடுப்பிலிருந்து இன்னொரு கயிறு கட்டுமரத்தில் லீனுஸின் கையில் இருந்தது. மூன்று நிமிடம் தாண்டினால் இழுப்பது என்று பேச்சு. கூண்டைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் வெயில் பட்டு, உள்ளே இருந்தவள் முகம் தெரியவில்லை. கடல் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு இறங்கினார்.

வேண்டுமென்றே முங்குவது லேசான காரியம் இல்லை. மனசு சரியென்றாலும் உடம்பு ஒத்துக்கொள்ளாது. கல் அவரைக் கீழே கொண்டுபோயிற்று. மணலில் ஆமையின் முதுகு தெரிந்தது. முதுகில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கேட்கிறது என்று அர்த்தம். தெக்லா அழுத்துவாள் என்று காத்திருந்தார். விளக்கு அணைந்தது. ஆமை அசையவில்லை.

நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலித்தது. வாய் தானாகத் திறந்து உப்புத் தண்ணீர் உள்ளே போயிற்று. அவர் கை கல்லின் முடிச்சைத் தேடிப் பிய்த்தது. தேடக்கூடாது என்று நினைத்திருந்தார், கை கேட்கவில்லை. முடிச்சு அவிழவில்லை. இப்படித்தான் இருந்திருக்குமா என்று மகளை நினைத்தார். இல்லை, அவளுக்கு மயக்கம், அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டார். விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. அதற்குப் பிறகு வெளிச்சம் எது, இருட்டு எது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரப்பர் கைகள் அவரை அணைத்தபோது அவருக்கு நினைவில்லை. கண் விழித்தபோது மணலில் குப்புறக் கிடந்து தண்ணீராகக் கக்கிக்கொண்டிருந்தார். லீனுஸ் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் அத்தனை ஆம்பிளைகளும் நின்றார்கள். கூனந்தாழையில் பிறந்த எஸ்தாக்கியை ஆமை தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஞானப்பு உபதேசியார் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். "அந்தக் கல்லை அவுத்து இங்க கொண்டாங்கலே," என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறு பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் தெக்லாதான் பொத்தானில் இருந்தாள். ஆமை ஒவ்வொருவரையும் நாற்பதாவது நொடியிலேயே தூக்கிவந்தது. கடைசி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எஸ்தாக்கி கூண்டுக்கு வந்தார். தொண்டை இன்னும் எரிந்தது. தெக்லா நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். அவர் திரையைத் தட்டி, அன்றைக்குக் காலைக்கான பக்கத்தைத் திறந்தார். ஆமை கேட்டது, கூண்டு சொன்னது எல்லாம் வரிசையாக இருந்தது.

நாற்பதாவது நொடி: விடு.

எண்பதாவது நொடி: பதில் இல்லை.

நூற்றிருபதாவது நொடி: தூக்கு.

அடியில் கூட்டல் இருந்தது. ஊர்க்காரர்கள். தூக்கு, ஏழு. விடு, ஆயிரத்து முந்நூற்று ஏழு.

எஸ்தாக்கி அந்தப் பக்கத்தை மூடினார். தெக்லா திரும்பவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவது அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு நாளில் அன்றுதான் அவள் அழுதாள்.

"நாளைக்கு நான் எறங்குதேன்," என்றாள். "பொத்தான்ல நீங்க இருங்க."

"சரி," என்றார் எஸ்தாக்கி.